ஏழு அடி உயரம் மட்டும் போதாது, தெரியுமா?

குளிர்காலத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்கு ஒரு கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் தொடங்கினால், புனே நகரத்து ஔந்தில் அப்போது மணி என்ன தெரியுமா? விடியற்காலை 5.30! மார்ச் வந்தால் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்துவிடுவார்கள். நம் கணக்கு 4.30 ஆகிவிடும். அந்த மாதத்தில்தான் 68 கல்லூரி அணிகள் மோதும், தோற்றால் அன்றோடு வீடு என்கிற பெரும்போட்டி நடக்கிறது. கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்தவர்களுக்குத் தூக்கம் ஒரு பொருட்டா என்ன? அதிலும் "நம்ம ஊர்ப் பிள்ளை ஒண்ணு அங்கே ஆடுதாம்" என்று காதில் விழுந்துவிட்டால்!

ஔந்தை ஏன் சொல்கிறேன் என்றால், வெளியூரையும் வெளிநாட்டையும் வரவேற்றுப் பழகிய பேட்டை அது. அங்கே ஒரு நாற்சந்திக்குப் பெயரே பிரேமன் சௌக். ஜெர்மனியின் பிரேமன் நகரத்தோடு புனேவுக்கு உள்ள நட்பின் அடையாளம். கணினி வேலைக்காக வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கே ஏராளம். சிறிது தூரம் போனால் பாலேவாடியில் சிவ் சத்ரபதி விளையாட்டு வளாகம். 1994-இல் தேசிய விளையாட்டுப் போட்டிகளும், 2008-இல் காமன்வெல்த் இளைஞர் விளையாட்டுகளும் நடந்த இடம்! அந்த வட்டாரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு வளரும் ஒரு பிள்ளை அமெரிக்கக் கல்லூரி அணிக்குள் நுழைய முடியுமா? நுழைந்தால், அங்கே இருக்கும் ரசிகர்கள் அந்தப் பிள்ளையை எதை வைத்து எடை போடுவார்கள்? இந்தக் கேள்வியைத் தோண்டத் தோண்ட வருகிற சங்கதிகள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றும் ஓர் ஆச்சரியம்!

முதலில் இதைக் கேளுங்கள். கூடைப்பந்து என்ற ஆட்டம் பிறந்த நாளிலேயே அதில் ஒரு வெளிநாட்டு மாணவர் இருந்தார், தெரியுமா? 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை மேலே ஆணியடித்து மாட்டி ஆட்டத்தை ஆரம்பித்தார். ஆடியவர்கள் 18 பேர். அவர்களில் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த கென்சாபுரோ இஷிகாவா! ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தே அமெரிக்கர் அல்லர், கனடாக்காரர். ஆக, "வெளிநாட்டுப் பையன் நம் கல்லூரிக்கு எதற்கு?" என்று எவர் கேட்டாலும் பதில் அந்த முதல் ஆட்டத்திலேயே இருக்கிறது.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த இன்னொருவர் சென்னைக்குக் கப்பலேறினார். ஹாரி குரோ பக்! 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர் அவர்தான். நந்தனம் வழியாகப் பேருந்தில் போகும்போது பச்சைப் பசேல் என்று தெரிகிற அந்த வளாகத்துக்கும், கூடைப்பந்து பிறந்த அந்த அறைக்கும் இப்படி ஒரு நேரடிச் சொந்தம் உண்டு. பந்து அங்கிருந்து இங்கே வந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இங்கிருந்து ஆள் அங்கே போகத்தான் இத்தனை காலம் பிடித்தது.

சரி, எடை போடும் விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருகிறார் என்றதும் ரசிகர் கண் முதலில் எங்கே போகும்? உயரத்துக்கு! அதற்கு நம்மிடமே மாபெரும் உதாரணம் இருக்கிறது.

பஞ்சாபின் பர்னாலா மாவட்டம், பல்லோ கே என்கிற சிற்றூர். அங்கே விவசாயி வீட்டுப் பிள்ளை சத்னாம் சிங் பமாரா. 7 அடி 2 அங்குலம்! லூதியானா கூடைப்பந்து அகாதெமியில் அவரை வார்த்தெடுத்த பயிற்சியாளர் யார் தெரியுமா? டாக்டர் எஸ். சுப்பிரமணியன்! பஞ்சாபின் நெடுமரங்களை எல்லாம் ஆட்டக்காரர்களாக்கிய கை அது. 2010-இல், 14 வயதில், ஃபுளோரிடாவின் ஐஎம்ஜி அகாதெமிக்கு ஸ்காலர்ஷிப்பில் போனார் சத்னாம். அவரோடு சேர்த்து இந்தியாவிலிருந்து நான்கு பையன்கள், நான்கு பெண்கள். ஆங்கிலமே தெரியாமல் விமானம் ஏறிய அந்தச் சிறுவனை 2015 ஜூனில் டல்லஸ் மாவரிக்ஸ் அணி 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்பிஏ என்கிற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் ஆள் தேர்வில் பெயர் அழைக்கப்பட்ட முதல் இந்தியர்! நூறு கோடிப் பேரில் ஒருவர் என்று அவரைப் பற்றி ஆவணப்படமே வந்தது.

அதற்கப்புறம்? ஒரு என்பிஏ மேட்ச்சில்கூட அவர் இறங்கவில்லை. டெக்சாஸ் லெஜண்ட்ஸ் என்ற துணை லீக் அணியில் ஆடிவிட்டுத் திரும்பினார். இப்போது தொழில்முறை மல்யுத்த மேடையில் இருக்கிறார்.

இதில் பலர் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. சத்னாம் கல்லூரியில் ஆடவே இல்லை! பள்ளிநிலைப் பயிற்சியிலிருந்து நேராக என்பிஏ தேர்வுக்குத் தாவியவர் அவர்; 2005-க்குப் பிறகு அப்படித் தாவித் தேர்வானவர் அவர்தான் முதல் ஆள். நான்கு வருஷம், வாரத்துக்கு இரண்டு மேட்ச், தன் வயதுக்காரர்களோடு மோதி, தப்பு செய்து, திருத்திக்கொண்டு வளரும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்காமலே போயிற்று. என் தீர்மானமான எண்ணம் இது: அவர் உயரத்தைக் கண்டு மலைத்த நாம் எல்லோரும் அவர் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கேட்க மறந்தோம்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? எந்த வயதில் பந்தைத் தொட்டார் என்று பார்க்க வேண்டும், அங்கேதான் அதிசயங்கள் கொட்டிக்கிடக்கின்றன!

நைஜீரியாவின் லாகோஸில் ஹேண்ட்பாலும் கால்பந்தும் ஆடிக்கொண்டிருந்த ஹக்கீம் ஒலாஜுவான் கூடைப்பந்தைத் தொட்டது 15 வயதுவாக்கில். 1980-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1984 என்பிஏ தேர்வில் முதல் பெயர் அவருடையது. அதே தேர்வில் மூன்றாவதாக வந்தவர் யார்? மைக்கேல் ஜோர்டான்! காங்கோ நாட்டு டிக்கெம்பே முடொம்போ மருத்துவராக வேண்டும் என்று 1987-இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். உயரத்தைப் பார்த்த கோச் ஜான் தாம்சன் விடவில்லை. என்பிஏ வரலாற்றில் எதிராளியின் பந்தை அதிகமாகத் தடுத்தவர்கள் பட்டியலில் முதலிடம் ஒலாஜுவானுக்கு, 3,830 முறை. இரண்டாமிடம் முடொம்போவுக்கு, 3,289 முறை. இருவருமே ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கல்லூரி வழியாக வந்தவர்கள்!

டிம் டங்கனை எடுத்துக்கொள்ளுங்கள். கரீபியனின் செயிண்ட் குரோய் தீவில் நீச்சல் வீரர் அவர். 1989-இல் ஹூகோ புயல் தீவின் நீச்சல் குளத்தைச் சிதைத்தது. அதன் பிறகுதான் கூடைப்பந்து. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷமும் முழுதாக இருந்தார். பிறகு என்பிஏவில் ஐந்து கோப்பைகள். கேமரூனின் ஜோயல் எம்பீட் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். கூடைப்பந்தைத் தொட்டபோது வயது 15-ஐத் தாண்டியிருந்தது. 2023-இல் என்பிஏவின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கு! இவர்களை முதல் வருஷத்தில் பார்த்த ரசிகர்களில் எத்தனை பேர், "காலே சரியாக நிற்கவில்லையே, இது தேறுமா?" என்று உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள்!

தரவரிசைப் பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டொராண்டோவின் சாக் ஈடி, 7 அடி 4 அங்குலம், ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடி வளர்ந்தவர். அவரது ஆண்டில் பள்ளி முடித்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் அவர் இடம் 400-க்கும் கீழே! பர்டியூ பல்கலைக்கழகம் 2020-இல் சேர்த்துக்கொண்டது. 2023, 2024 இரண்டு ஆண்டும் அமெரிக்கக் கல்லூரிகளின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். கனடாவின் ஸ்டீவ் நாஷுக்கு ஸ்காலர்ஷிப் தர முன்வந்த பெரிய கல்லூரி ஒன்றே ஒன்று, சாண்டா கிளாரா. பின்னாளில் இரண்டு முறை, 2005-லும் 2006-லும், என்பிஏவின் மிகச் சிறந்த வீரரானார்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை ஜப்பானின் ருய் ஹாசிமுராவுடையதுதான். தோயாமா நகரத்துப் பையன். அம்மா ஜப்பானியர், அப்பா பெனின் நாட்டவர். 2016-இல் வாஷிங்டன் மாநிலத்தின் கொன்சாகா பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது கோச் சொல்வதே அவருக்குச் சரியாகப் புரியாது. முதல் பருவம்: மேட்ச்சுக்கு ஐந்து நிமிஷம்கூட இல்லை, சராசரி 2.6 புள்ளி. இரண்டாம் பருவம்: 11.6. மூன்றாம் பருவம்: 19.7! 2019 என்பிஏ தேர்வில் ஒன்பதாவது ஆள். முதல் சுற்றிலேயே தேர்வான முதல் ஜப்பானியர். அந்த முதல் பருவத்தோடு கணக்கை முடித்திருந்தால் ரசிகர்கள் இழந்திருக்கக்கூடியது எவ்வளவு பெரிது என்று பாருங்கள்! கொன்சாகா ரசிகர்களுக்கு இந்தப் பொறுமை பழகிப்போன ஒன்று. போலந்து, லிதுவேனியா, பிரான்ஸ் என்று பல நாட்டுப் பையன்களை வளர்த்தெடுத்த கல்லூரி அது.

இன்னொரு பெரிய ஆச்சரியம் இருக்கிறது. ஒரே ஆட்டம்தானே, விதி எங்கும் ஒன்றுதானே என்றுதான் நினைப்போம். இல்லவே இல்லை! நம் பிள்ளைகள் ஆடிப் பழகுவது சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவின் விதிகளில். பத்து பத்து நிமிஷமாக நான்கு பகுதி, ஒவ்வொரு முறையும் 24 நொடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும். அமெரிக்கக் கல்லூரியில் அது 30 நொடி. ஆறு நொடிதானே என்று நினைக்காதீர்கள். தடுப்பாட்டம் ஆடுபவர் ஆறு நொடி கூடுதலாகக் கால் மடக்கி நிற்க வேண்டும், ஒவ்வொரு தடவையும்! பெண்கள் ஆட்டம் 2015-16 முதல் நான்கு பகுதியாக மாறியது. ஆண்கள் ஆட்டமோ அதற்குப் பிறகும் 20 நிமிஷம் கொண்ட இரண்டு பாதிகளாகவே தொடர்ந்தது.

வளையத்தருகே போனால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஃபீபா விதியில், எறிந்த பந்து வளையத்தைத் தொட்டு மேலே துள்ளிவிட்டால் எந்த ஆட்டக்காரரும் அதைத் தட்டிவிடலாம், வளையத்துக்கு நேர் மேலே இருந்தாலும் சரி. அமெரிக்கக் கல்லூரியில் அங்கே கை வைத்தால் குற்றம்! பத்து வருஷமாகக் கையை நீட்டித் தட்டிப் பழகிய நெட்டைப் பையன், அந்தப் பழக்கத்தை மறக்க வேண்டும். மூன்று புள்ளிக் கோடு மட்டும் இப்போது ஒத்துப்போய்விட்டது. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் 2019-20-லும் பெண்கள் 2021-22-லும் ஃபீபாவின் 6.75 மீட்டர் தூரத்துக்கு மாறினார்கள். அதனால் இன்று இந்தியாவில் ஒரு பெண் தொலைவிலிருந்து போடும் கூடை, அங்கேயும் அதே தொலைவுக் கூடைதான். இது நமக்கு லாபம்!

இதனால்தான் விவரம் தெரிந்த ரசிகர் யூடியூபில் ஓடும் மூன்று நிமிஷத் துண்டுப் படத்தைப் பார்த்து மயங்குவதில்லை. அதில் போட்ட கூடைதான் இருக்கும், விட்ட கூடை இருக்காதே! அவர் தேடிப் பார்ப்பது ஃப்ரீ த்ரோ கணக்கை. எதிரே தடுக்க ஆளில்லை, தூரம் எங்கும் கிட்டத்தட்ட 4.6 மீட்டர், வளையத்தின் உயரம் எங்கும் 3.05 மீட்டர். லூதியானாவில் போட்டாலும் லாஸ் ஏஞ்சல்ஸில் போட்டாலும் அதே எறிதல். கை பழகியிருக்கிறதா என்பதை அது மறைக்காமல் சொல்லிவிடும். அடுத்து அவர் கேட்பது, யாரை எதிர்த்து ஆடினார் என்பது. பள்ளி அளவில் ஐம்பது புள்ளி எடுத்ததைவிட, ஆசிய அளவில் 16 அல்லது 18 வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஆஸ்திரேலியாவையும் சீனாவையும் எதிர்த்துப் பத்துப் புள்ளி எடுத்தது பெரிது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். இந்தியாவிலிருந்து அமெரிக்கப் பெரிய கல்லூரி அணிகளுக்குள் முதலில் வழி திறந்தவர்கள் யார் தெரியுமா? நெட்டைப் பையன்கள் இல்லை, நம் பெண்கள்!

2010-இல் ஐஎம்ஜி போன அந்த எட்டுப் பேரில் ஒருவரான கவிதா அகுலா, அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பல்கலைக்கழக அணியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். 2019-இல் பெங்களூருவின் சஞ்சனா ரமேஷ், நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்துக்குப் போனார். இந்தியாவில் என்பிஏ அகாதெமியின் பெண்கள் பயிற்சித் திட்டத்திலிருந்து முதல் தரப் பிரிவுக் கல்லூரிக்குத் தேர்வான முதல் பெண் அவர். பஞ்சாபின் ஹர்சிம்ரன் கௌர், ஆஸ்திரேலியாவில் என்பிஏ அகாதெமியில் பயிற்சி பெற்று, சான் டியாகோ பல்கலைக்கழகத்தில் இடம்பிடித்தார். நொய்டா பக்கத்தில் 2017-இல் திறந்த என்பிஏ அகாதெமியின் பையன்களில் அமான் சந்து முதல் தரப் பிரிவுக்கு, நியூஜெர்சியின் மன்மத் பல்கலைக்கழகத்துக்குப் போனது சஞ்சனாவுக்கெல்லாம் பிறகுதான்.

இவர்களுக்கும் முன்னால் சென்னையில் தெற்கு ரயில்வே அணிக்காக ஆடிய கீது அன்னா ஜோஸ், கேரளத்துப் பெண், 6 அடி 2 அங்குலம், ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்கு ஆடினார். 2011-இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் மூன்று அணிகள் அவரைச் சோதனை ஆட்டத்துக்கு அழைத்தன! சென்னையின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணித் தலைவியானார், 2021-இல் பத்மஸ்ரீ. புனேவுக்கு ஷிரீன் லிமாயே இருக்கிறார், இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய புனேக்காரர்! 2017 ஜூலையில் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75–73 என்று வீழ்த்தி மேல் பிரிவுக்கு ஏறினார்கள். இரண்டே புள்ளி! அந்த அணியில் அனிதாவும் இருந்தார், ஷிரீனும் இருந்தார். அப்படிப்பட்டவர்கள் 17 வயதில் கல்லூரி ஸ்காலர்ஷிப்போடு வெளியே போயிருந்தால் எவ்வளவு தூரம் போயிருப்பார்கள் என்று நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஜூலை 1 முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். ஆனால் மாணவர் விசாவில் போனவருக்கு வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக் கட்டுப்பாடு உண்டு. பக்கத்தில் நிற்கும் அமெரிக்கத் தோழி காலணி விளம்பரத்தில் சம்பாதிக்கும்போது இந்தியப் பெண் ஒரு வக்கீலைக் கேட்டுத்தான் அடியெடுத்து வைக்க வேண்டும். இந்தச் சங்கடம் புரியாமல் எடை போடுகிற ரசிகர் பாதியைத்தான் பார்க்கிறார்.

கடைசியாக, ஔந்திலும் கட்கியிலும் பாலேவாடியிலும், அண்ணாநகரிலும் கோவையிலும் பந்தோடு வளரும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு சேதி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு, முதல் தரப் பிரிவில் ஆட வரும் வெளிநாட்டு மாணவரிடம் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் கேட்பதில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கேட்கிறது! நான்கு ஆண்டுகளில் 16 முக்கியப் பாடங்கள், நான்குக்குக் குறைந்தது 2.3 தர மதிப்பெண். இந்தத் தகவல் பன்னிரண்டாம் வகுப்பில் தெரிந்து பயனில்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், கிழிந்த புத்தகங்களோடு பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முக்கியமாக, உங்கள் வீட்டில் ஆடுவது பெண் பிள்ளை என்றால்.